எட்டு மாதத் தாமதம்

4 அக்டோபர் 2022, செவ்வாய்

காலை சர்க்கரை 9.4. ஏழுக்குள் இருக்க வேண்டுமாம்.

கிளினிக் நர்ஸ் மிஸ்ஸிதான் இந்த நோட்டைக் கொடுத்தாள். "தினமும் எழுதி வைங்க அங்கிள், டாக்டர் பார்ப்பாரு" என்றாள். எண்ணை எழுத ஒரு வரி போதும். மீதிப் பக்கம் காலியாகக் கிடப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் மற்றதையும் எழுதி வருகிறேன். டாக்டர் இதுவரை ஒரு பக்கம்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

வழக்கம்போல வேனில், சுங்காயில் பதினான்கு பேரை ஏற்றி, தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் இறக்கிவிட்டு வந்தேன். நல்ல மழை. வைப்பர் ரப்பர் தேய்ந்துவிட்டது.

ஜெனட் சிக்கந்தர் பாயின் போட்டோஸ்டேட் கடைக்குப் போய்விட்டாள். ஜெரமி கார் கழுவும் கடைக்கு. பிள்ளைகள் இரண்டு பேரும் கிளம்பிவிட்டால் வீட்டில் என் மனைவி காளியம்மாவின் படம் மட்டும்தான். அவள் போய் மூன்று வருடம்.

10 அக்டோபர், திங்கள்

9.1. நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டார்கள். தேர்தல் வரப்போகிறது.

சாப்பிடும்போது ஜெனட் கைப்பேசியில் வாக்காளர் பட்டியலைத் திறந்து ஜெரமியின் ஐசி அடையாள அட்டை எண்ணைத் தட்டினாள். "இங்க பாருடா, உன் பேரு ஏறிடுச்சு. ஓட்டுப் போடற இடம்கூடப் போட்டிருக்கு."

"நான் எதுக்கும் எழுதிக் கொடுக்கலயே" என்றான் அவன்.

"இப்ப எழுதிக் கொடுக்க வேணாம்லா. பதினெட்டு ஆச்சுன்னா தானா ஏறிடும்."

ஜெரமி ஜூனில்தான் பதினெட்டு முடித்தான். தட்டைக் கழுவப் போய்விட்டான். நான் தண்ணீர் எடுக்க ஜெனட்டின் பின்னால் போனபோது பார்த்தேன் – அவள் அதே இடத்தில் தன் எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். பதிவு இல்லை என்று வந்தது. ஒரு தரம் அழித்துவிட்டு மறுபடியும் தட்டினாள். அதற்குள் நான் அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். கையில் இருப்பது குடியுரிமை இல்லாதவர்களுக்கான பச்சை அட்டை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

13 அக்டோபர், வியாழன்

8.8. வைப்பர் மாற்றினேன்.

16 அக்டோபர், ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து ஜெனட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். சிக்கந்தர் பாய் கடை வாசலில் கூட்டம். "சூசை அண்ணே, என் கடைய ஓட்டு ஆபீஸா மாத்திட்டா உங்க மக" என்றார் பாய். குறை சொல்லும் குரலில்லை, பெருமைதான்.

எல்லாம் பழைய தோட்டத்து ஆட்கள். தோட்டத்தை விற்று, தொழிலாளர் லயத்து வீடுகளை இடித்து, செம்பனை நட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பலருக்கு இன்னும் ஐசியில் அந்த விலாசம்தான். தங்கள் ஓட்டு எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஜெனட் ஒவ்வொருவர் எண்ணாகத் தட்டி, ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள்.

ராமையா பெரியவருக்கு எழுபத்து நான்கு வயது. அவர் பெயர் பாகான் டத்தோவில் இருந்தது. முன்பு மகள் வீட்டோடு இருந்தபோது ஐசியில் அந்த விலாசத்தைப் போட்டிருக்கிறார். மகள் ஜொகூர் போய்விட்டாள், இவர் சுங்காய்க்கே திரும்பி வந்துவிட்டார்.

"இங்கயே மாத்திக் குடும்மா, ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

"தாத்தா, பேரு தானா ஏறும், ஆனா விலாசம் தானா மாறாது. முதல்ல ஐசில மாத்தணும். அப்புறம் ஓட்டுக்குன்னு தனியா எழுதிக் கொடுக்கணும். இந்தத் தடவைக்கு லிஸ்ட்ட மூடிட்டாங்க. நீங்க பாகான் டத்தோ போய்த்தான் போடணும்."

"அம்மாந்தூரம் நான் எப்படிப் போவேன்?"

ஜெனட் என்னைப் பார்த்தாள். "அப்பா வேன்ல கூட்டிட்டுப் போவாரு. நானும் வாரேன்" என்றாள். என்னைக் கேட்கவில்லை. நானும் தலையாட்டினேன்.

22 அக்டோபர், சனி

9.0. தீபாவளிக்கு முதல் சனி. கடைத்தெருவில் வேன் நிறுத்த இடமில்லை.

கலாதேவி டீச்சர் கடைக்கு வந்திருந்தார். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், குடியுரிமைப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்கு மனு எழுத உதவி செய்பவர். ஜெனட் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறார். "எல்லாருக்கும் பார்த்துக் குடுக்கறியே, உன் ஓட்டு எங்கம்மா?" என்று கேட்டாராம்.

"எனக்கு இல்ல டீச்சர்."

இதை ஜெனட் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்து வைத்தேன். டீச்சர் அடுத்து என்ன கேட்பார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பதினொரு வருடமாக அந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருக்கிறேன்.

2 நவம்பர், புதன்

கல்லறைத் திருநாள். மூன்று பேரும் போய் மெழுகுவர்த்தி ஏற்றினோம். ஜெரமி புல் பிடுங்கினான். ஜெனட் சிலுவையைத் துணியால் துடைத்தாள். நான் காளியின் கல்லறையை நேராகப் பார்க்கவில்லை.

எழுதித்தான் ஆக வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை.

காளியம்மா தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அவள் பிறந்ததை யாரும் பதியவில்லை. எங்கள் வீட்டில் அண்ணன் சவரிநாதன், "பேப்பரும் இல்ல, வேதமும் வேற, அவ நம்ம வீட்டுக்கு வேணாம்" என்றான். பேப்பர் இல்லாததால் கோயிலிலும் திருமணம் செய்து வைக்க முடியவில்லை. நாங்கள் வீட்டில் செபம் சொல்லி, மாலை மாற்றி, குடித்தனம் தொடங்கினோம்.

2000 ஜனவரியில் அவளுக்குப் பச்சை அட்டை கிடைத்தது. அதை வைத்துத் திருமணத்தைப் பதியலாம் என்று பதிவு அலுவலகக் கவுண்டரில் இருந்த அம்மாவே சொன்னார். "இரண்டு சாட்சி கூட்டிட்டு வாங்க, அரை மணி நேரம்தான்."

நான்தான் கூட்டிக்கொண்டு போகவில்லை.

சவரி வந்து சாட்சிக் கையெழுத்துப் போடட்டும் என்று காத்திருந்தேன். இவளை ஒதுக்கியவன் கையாலேயே இவள் என் மனைவி என்று எழுத வைக்க வேண்டும். அந்த வீம்பு. ஆள் விட்டேன். ஈஸ்டருக்கு வருவான் என்றார்கள், பிறகு ஆகஸ்டில் வருவான் என்றார்கள். காளி அதற்குள் வயிற்றுப் பிள்ளைக்காரி. மூன்று தரம் கேட்டாள். கடைசித் தரம், "உங்க அண்ணன் வராட்டி நான் உங்க பொண்டாட்டி இல்லையா?" என்றாள்.

செப்டம்பரில் ஜெனட் பிறந்தாள். அடுத்த ஜனவரியில்தான் போய்ப் பதிந்தோம். சாட்சிக்குத் தொழிற்சாலை டிரைவர்கள் இரண்டு பேர். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் நிலைதான். தாய்க்கு ஒரு நாடும் இல்லை. அதனால் ஜெனட்டின் பிறப்புச் சூராட்டுப் பத்திரத்தில் குடிமகள் இல்லை என்று இருக்கிறது. பதிந்தபின் பிறந்தான் ஜெரமி, தகப்பன் வழியில் குடிமகன் ஆனான். அன்றைக்கு எனக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. தெரியாதுதான். ஆனால் காளிக்கும் தெரியாதே, அவள் கேட்டாளே?

ஜெனட்டுக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது ஐசி விசாரிக்கப் போனபோதுதான் விவரம் தெரிந்தது. "தம்பிக்கு மட்டும் எப்படிப்பா கிடைக்கும்?" என்று கேட்டாள். "உனக்கப்புறம் சட்டம் மாறிடுச்சும்மா" என்றேன். காளி பக்கத்தில்தான் நின்றாள். சாகும்வரை அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதற்குப்பின் மூன்று மனு. மூன்றுக்கும் இல்லை என்றே கடிதம். இருபத்தொன்று தாண்டியபின் பிள்ளைகளுக்கான அந்த வழியும் அடைத்துவிட்டது.

6 நவம்பர், ஞாயிறு

10.2.

கேட்டுவிட்டாள். "அப்பா, உங்க கல்யாண சர்ட்டிபிகேட் வேணும். டீச்சர் பார்க்கணுமாம்."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். "எங்க தேடறது? அலமாரில இல்ல, நானே பார்த்துட்டேன்" என்றாள்.

அலமாரியில் எப்படி இருக்கும். வேன் சீட்டுக்கு அடியில், காப்புறுதிக் காகிதங்களோடு பதினொரு வருடமாக இருக்கிறது.

9 நவம்பர், புதன்

வீட்டில் சண்டை. ஜெரமி பத்தொன்பதாம் தேதி வேலைக்குப் போகிறானாம், ஓட்டுப் போட வரவில்லையாம். "என் ஒரு ஓட்டுல என்னக்கா ஆகப்போவுது?"

"போடணும்டா. கிடைச்சதுலா உனக்கு."

"உனக்கு அவ்ளோ ஆசைன்னா நீ போய்ப் போடு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னான் என்று அவனுக்கே உறைத்தது. "அக்கா, நான் அப்படி..." என்றான். அவள் எழுந்து போய்க் காயப்போட்ட துணிகளை எடுத்து வந்து மடிக்க ஆரம்பித்தாள். அவன் சட்டையையும் சேர்த்துத்தான் மடித்தாள். என்னால அதைப் பார்க்க முடியல. அவன் மேல கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

12 நவம்பர், சனி

சொல்லிவிட வேண்டும். நாளைக்கு.

13 நவம்பர், ஞாயிறு

கோயிலிலிருந்து வந்ததும் வேனிலிருந்து அந்த உறையை எடுத்துவந்து மேசையில் வைத்தேன்.

ஜெனட் திறந்தாள். அது மலாயில் இருந்தாலும் தேதிக்கு மொழி தேவையில்லை. தன் பிறப்புச் சூராட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு ஜெரமியுடையதை. மூன்று காகிதத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சட்டம் எப்பப்பா மாறிச்சு?"

மேசை விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன்.

"சொல்லுங்க. எந்த வருஷம் மாறிச்சு?"

"மாறலம்மா."

"அப்ப?"

சொன்னேன். பச்சை அட்டை கிடைத்த மாதம், சவரி அண்ணனுக்காகக் காத்திருந்தது, எல்லாம். நின்றுகொண்டேதான் சொன்னேன். உட்காரத் தோன்றவில்லை. ஜெரமி வாசற்படியில் ஒரு காலில் செருப்போடு நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"இத்தன வருஷமா அம்மா மேல கோவமா இருந்தேன்" என்றாள் ஜெனட். "அவங்க செத்தப்பக்கூட. ஒரு பேப்பர் இல்லாம என்னைப் பெத்தாங்களேன்னு. தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்கு அது தெரியாது.

காகிதங்களைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறையில் போட்டாள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். எதுவும் கேட்கவில்லை.

14 நவம்பர், திங்கள்

சர்க்கரை பார்க்கவில்லை.

17 நவம்பர், வியாழன்

11.6. ஜெனட் சமைக்கிறாள், என் தட்டை எடுத்து வைக்கிறாள். பேசுவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஜெரமியிடம் சொல்கிறாள். "வேன்ல எண்ணெய் இருக்கான்னு கேளு. சனிக்கிழமை ராமையா தாத்தாவக் கூட்டிட்டுப் போவணும்."

19 நவம்பர், சனி

வாக்களிப்பு நாள்.

காலையில் ஜெரமி எழுந்து உட்கார்ந்துகொண்டு, "நான் போகல. அக்கா போட முடியாதப்ப நான் எப்படிப் போடறது?" என்றான். ஜெனட் அவன் ஐசியை எடுத்து அவன் கையில் திணித்தாள். "நீ போடலன்னா எனக்கு வந்துடுமா? குளிச்சிட்டுக் கிளம்பு."

பழைய தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில்தான் எங்கள் ஓட்டு. வயது வாரியாக வரிசை பிரித்திருந்தார்கள். நான் முன்னால் ஒரு வகுப்பறையில், ஜெரமி கடைசி அறையில். ஐசியை வாங்கி என் பெயரை உரக்கப் படித்தார்கள். சூசைநாதன். இடது கை ஆள்காட்டி விரலில் மை பூசினார்கள். இரண்டு தாள் கொடுத்தார்கள், நாடாளுமன்றத்துக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று. இத்தனை தேர்தலில் இதையெல்லாம் யோசிக்காமல் செய்திருக்கிறேன். இன்று மறைப்புக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பெயராகப் படித்தேன். மெதுவாகக் கோடு போட்டு, மடித்து, பெட்டியில் போட்டேன்.

வெளியே வந்த ஜெரமி மை பூசிய விரலைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டான். மற்ற பையன்கள் விரலைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் நேராக வேலைக்குப் போய்விட்டான்.

பத்து மணிக்கு ராமையா பெரியவரை ஏற்றிக்கொண்டோம். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். ஜெனட் அவரோடு பின் சீட்டில். ஒன்றரை மணி நேரப் பயணம். அவர்தான் பேசிக்கொண்டே வந்தார். பாகான் டத்தோ நெருங்க நெருங்கத் தென்னை வந்தது. "ஒன்னோட ஓட்டுப் போட்டாச்சா பாப்பா?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாது.

"எனக்கு இன்னும் வரல தாத்தா."

"வரும், வரும். சின்னப் பொண்ணுதான்" என்றார்.

பள்ளிக்கூட வாசலில் அவர் ஜெனட்டின் கையைப் பிடித்துக்கொண்டார், உள்ளே வரை வரச் சொல்லி. வாசலில் நின்ற போலீஸ்காரர் நல்ல மனிதர். ஓட்டு இல்லாதவர்கள் உள்ளே போக முடியாது, பெரியவரை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று மலாயில் தன்மையாகச் சொன்னார். ஜெனட் பெரியவரின் விரல்களைத் தன் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, அவரை அந்தப் பக்கம் அனுப்பினாள்.

நாங்கள் இரண்டு பேரும் வேலியோரம் நின்றோம். வெயில். ஆறு நாளைக்குப்பின் அவள் என்னிடம் பேசினாள்.

"பெரியப்பா கடைசில வந்தாரா?"

"வரல."

"எப்பவுமே?"

"எப்பவுமே வரல. செத்ததுகூட எனக்கு வேற ஆளு சொல்லித்தான் தெரியும்."

"அம்மா எத்தன தடவ கேட்டாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "மூணு தடவ" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், ஏதோ கணக்குச் சரியாக வந்ததுபோல. "நான் பொறந்ததுக்கு அப்புறம் ஒரு தடவகூட கேக்கலயா?"

"இல்ல. அப்புறம் அவ கேக்கவேயில்ல. நானாத்தான் கூட்டிட்டுப் போனேன்."

ராமையா பெரியவர் மை பூசிய விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டே வெளியே வந்தார். ஜெனட் சிரித்தபடி ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

27 நவம்பர், ஞாயிறு

ஜெனட் ஈப்போவுக்குப் போய்விட்டாள். கலாதேவி டீச்சருக்குத் தெரிந்த வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. அங்கேயே ஓர் அறை. இரண்டு பை. நான் வேனில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "வேணாம், பஸ்ல போறேன்" என்றாள். ஜெரமி பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனான்.

சிக்கந்தர் பாய் இன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டார்.

25 டிசம்பர், ஞாயிறு

வரவில்லை. ஜெரமியின் கைப்பேசிக்கு வாழ்த்து அனுப்பியிருந்தாள். கடைசியில் "அப்பா மாத்திரை போட்டாரா?" என்று இருந்தது. ஜெரமி என்னிடம் காட்டினான். போட்டேன் என்று எழுதச் சொன்னேன்.

17 மே 2023, புதன்

8.9. வேனை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஈப்போவுக்குப் போனேன். வழக்கறிஞர் அழைத்திருந்தார். இருபத்தொன்று தாண்டியவர்களுக்கான வேறு பிரிவில் ஜெனட்டுக்குப் புதிதாக ஒரு மனு போடப் போகிறார்கள். அதற்குத் தகப்பனின் சத்தியப் பத்திரம் வேண்டும்.

பத்திரம் மலாயில் இருந்தது. எனக்குப் பேச வரும், இந்த மாதிரி மலாய் புரியாது. கையெழுத்துப் போடுமுன் எனக்கு விளங்கும் மொழியில் படித்துச் சொல்ல வேண்டுமாம். மற்றவர்கள் வேலையாக இருந்தார்கள். "நான் சொல்றேன்" என்று ஜெனட் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஆறு மாதத்துக்குப்பின் அவளை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். மெலிந்திருந்தாள்.

ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். நான் இன்னார். என் மனைவி இன்னார். இன்ன தேதியிலிருந்து திருமணத்தைப் பதிய எங்களுக்கு வழி இருந்தது. நான் என் சொந்த விருப்பத்தால், என் மகள் பிறக்கும்வரை எட்டு மாதம் தாமதித்தேன். பதிந்தது அதற்கும் நான்கு மாதம் கழித்து. ஒரு வரியும் விடவில்லை, குரலும் மாறவில்லை. அலுவலகத்துப் பெண் யாருக்கோ படித்துச் சொல்வதுபோலச் சொன்னாள்.

கடைசிக்கு முந்தின வரியில் நின்றுவிட்டாள்.

"என்னம்மா போட்டிருக்கு?"

"இந்தத் தாமதத்துல என் மகளோட தப்பு எதுவும் இல்லன்னு போட்டிருக்கு" என்றாள். தாளை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நிறைய நேரம் துடைத்தாள்.

சத்திய ஆணையர் முன் எழுந்து நின்று உண்மை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். ஒரு வருடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம் என்றார் வழக்கறிஞர்.

11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

8.2.

கடிதம் வெள்ளிக்கிழமை வந்திருக்கிறது. என்னிடம் கைப்பேசியில் சொல்லாமல், இன்று காலை பஸ்ஸில் அவளே கொண்டுவந்தாள். மனு ஏற்கப்படவில்லை. நான்கு வரிதான்.

ஜெரமி கெட்ட வார்த்தையில் திட்டினான். "கோயிலுக்குப் போயிட்டு வந்த வாயி" என்று அதட்டினாள் ஜெனட். இன்னும் ஒரு வழி இருக்கிறது, நீதிமன்றம், அதற்கும் வருடக்கணக்கு ஆகும், டீச்சர் விடமாட்டார் என்றாள். அடுத்த தேர்தலுக்குள் வராது. அதையும் அவளே சொன்னாள்.

நான் மீன் குழம்பு வைத்திருந்தேன். புளி கூடிப்போயிருந்தது. இரண்டாம் தரம் போட்டுக்கொண்டாள். "அப்பா, இனிமே வெண்டைக்காயக் கடைசில போடுங்க, கொழகொழன்னு ஆயிடுச்சு" என்றாள்.

ஐந்து மணி பஸ் என்றுதான் சொல்லியிருந்தாள். சாப்பிட்டுவிட்டுத் தன் பழைய அறையில் சும்மா படுத்தவள் தூங்கிவிட்டாள். கதவு திறந்தே இருக்கிறது. ஐந்து மணி தாண்டிவிட்டது. எழுப்பட்டுமா என்று ஜெரமி கேட்டான், வேண்டாம் என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார். போய்க் குறைக்கச் சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.